வருடத்துக்கு ஒரு வேகன்

ஓய்வு பெற்றதும் சோலாப்பூரில் வீடு கட்டி, வாசலில் 20 சதுர மீட்டருக்கு மெக்சிகன் புல் பதித்தேன். ஓரங்குலம் நனைய 500 லிட்டர்; வாரம் இருமுறை.

2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போனது. முதல் வண்டியில் 10 வேகன்கள், சுமார் 5 லட்சம் லிட்டர். ரயில்வேக்காரன் புத்தி, கணக்குப் போட்டேன். வருடத்துக்கு ஒரு வேகன் என் புல்லுக்கே! அன்றே குழாயை மூடினேன். (வீட்டில் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.)

மெக்சிகன் புல் கருகியது. களையென்று நான் பிடுங்கி எறிந்த அறுகு, மண்ணுக்கடியில் தண்டை வைத்துக்கொண்டு, ஜூன் மழையில் பச்சையாக எழுந்தது. இப்போது முழுக்க அறுகுதான். இரண்டங்குலத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. கோடையில் அரிசி, காய்கறி கழுவிய நீர் மட்டும், பழுத்தால் பழுக்கட்டும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு அக்கம்பக்கத்து மராட்டியக் குழந்தைகள் ‘தூர்வா’ கேட்டு வருகிறார்கள்.