மாடப்புறாவும் மாமியாரின் இருமலும்

சன்ஷேடின் மேல் "குர்... குர்..." என்று ஒரு முனகல். ஜன்னலைத் திறந்தால் படபடவென்று நாலைந்து புறாக்கள் எழும்பிப் பறக்கும். பார்க்க அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் துவைத்து உலர்த்திய புடவையில் எச்சம், வடகம் பிழிந்த துணியில் எச்சம், தண்ணீர்த் தொட்டியின் மூடியில் எச்சம் என்று ஆன பிறகு அழகை ரசிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? நாலு பெண்கள் கூடினால் கேஸ் விலை, காய்கறி விலையோடு புறாத் தொல்லையும் பேச்சில் வந்து விடுகிறது.

விரட்டுவதற்கு ஆளுக்கொரு உபாயம் சொல்வார்கள். பழைய சி.டி. தட்டைத் தொங்க விடு என்பார் ஒருவர். பிளாஸ்டிக் ஆந்தையை வை என்பார் இன்னொருவர். வைத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் அந்த ஆந்தையின் தலை மேலேயே புறா உட்கார்ந்திருக்கும்! புறாவின் சுபாவம் தெரியாமல் செய்கிற வைத்தியம் பலிக்காது.

நம் வீடுகளைச் சுற்றி இருப்பது மாடப்புறா. பெயரிலேயே அதன் விலாசம் இருக்கிறது, கவனித்தீர்களா? இதன் மூதாதை செங்குத்தான பாறைகளின் இடுக்கில் கூடு கட்டிய பறவை. காகத்தைப் போல் மரக்கிளையைத் தேடாது. தட்டையான விளிம்பு வேண்டும் அதற்கு. எங்கள் ஊர் திருவண்ணாமலை. பதினொரு நிலைகளோடு 217 அடி உயரம் நிற்கிற எங்கள் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. நமக்கு அது கோபுரம். புறாவுக்கோ நிலை நிலையாக விளிம்பு வைத்த ஒரு பாறை! நம் வீட்டு சன்ஷேடும், ஏ.சி. பெட்டியின் முதுகும், பரணும் அதற்குக் குட்டிப் பாறைகள்.

இடம் இருந்தால் மட்டும் போதுமா? சாப்பாடு வேண்டுமே! அதற்கும் எங்கள் ஊரில் குறைவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். வழியெல்லாம் அன்னதானம். சாப்பிட்டவர்கள் போட்ட தொன்னைகளில் மிச்சம் மீதி. மொட்டை மாடிகளில் காய்கிற மல்லாட்டை வேறு. இத்தனையும் போதாதென்று புண்ணியத்துக்காகக் கம்பும் அரிசியும் இறைக்கிற கைகள்.

அப்படி இறைத்த கைகளில் என் மாமியாருடையதும் ஒன்று. மாமனார் காலமான பிறகு காலையில் காப்பி குடித்ததும் மாடியேறி ஒரு படி கம்பு இறைப்பது அத்தையின் வழக்கமாகி விட்டது. முதலில் பத்துப் புறா வந்தது. இரண்டு வருஷத்தில் எண்ண முடியாத கூட்டம். மாடியை அத்தையே துடைப்பம் போட்டுப் பெருக்குவார். வெள்ளைத் தூசி புகையாகக் கிளம்பும்.

பிறகு இருமல் வந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். சாயங்காலமானால் லேசான குளிர், காய்ச்சல். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. மாடிப்படி பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்து விடுவார். "வயசாவுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார். உள்ளூரில் பார்த்த டாக்டர் ஒருவர் மாற்றி மாற்றி இருமல் மருந்தாகவே எழுதிக் கொடுத்தார். சளிப் பரிசோதனையில் காச நோய் இல்லை என்று வந்தது. ஆறு மாதம் இப்படியே போயிற்று.

கடைசியில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நுரையீரல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் புறா உண்டா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். ஸ்கேனும், மூச்சு ஊதும் பரிசோதனையும் செய்து அவர் விளக்கினார். புறாவின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்கள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகின்றன. சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் வீங்கிப் புண்படுவது அவர்களுடைய நுரையீரல்தான். இது தொற்று வியாதி அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. புறாவோடு பழகுகிற எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் வந்த பிறகும் தூசியை விடாமல் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். விழுந்த தழும்பு ஆறாது.

புறா வளர்ப்பவர்களுக்கு வருகிற நோய் என்று அமெரிக்க டாக்டர்கள் 1965-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் 19 நகரங்களிலிருந்து, நுரையீரல் தழும்பு வகை நோய் உள்ள 1,084 பேரைப் பதிவு செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த ஒவ்வாமை வகைதான் இருந்தது. பறவை மட்டும் காரணமல்ல. பூஞ்சை பிடித்த ஏர்கூலரும் காரணம் என்று தெரிந்தது. கூலர் வைத்திருக்கிற சகோதரிகள் இதையும் கவனிக்க வேண்டும்.

அத்தைக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். "மாத்திரை பாதிதான். புறாவை விட்டு விலகுவதுதான் மீதிப் பாதி வைத்தியம்" என்றார் டாக்டர். அங்கேதான் சங்கடம்.

"வாயில்லா ஜீவன். வாசல் தேடி வந்ததை வெரட்டச் சொல்றியேம்மா. சிபிச் சக்கரவர்த்தி தொடையையே அறுத்துக் குடுத்தாரே!" என்றார் அத்தை.

"சிபி அடைக்கலம் குடுத்தது ஒரு புறாவுக்கு, அத்தை. நாம போடற தீனியாலதான் பத்து நூறாச்சு. உங்க மூச்சு நின்னா இந்த வீட்டுக்கு யாரு அடைக்கலம்?" என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. மறுநாள் கம்பு டப்பாவைத் தானே எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "கூழாக் காய்ச்சு. பௌர்ணமிக்கு நடக்கறவங்களுக்குக் குடுக்கலாம்."

தீனியை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம் என்பதற்கு ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரம் சாட்சி. அங்கே 1961 முதல் 1985 வரை ஏறக்குறைய ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். கூட்டம் குறையவே இல்லை! போன இடத்தைப் புதுக் குஞ்சுகள் நிரப்பி விட்டன. 1988-ல் வழியை மாற்றி, தீனி போடாதீர்கள் என்று ஜனங்களிடம் பிரசாரம் செய்தார்கள். கூண்டுகள் அமைத்து முட்டைகளை அகற்றினார்கள். நாலைந்து வருஷத்தில் 20,000 புறா 10,000 ஆகி விட்டது. மனசு கேட்பது எளிதல்ல என்பதும் உண்மை. 2025-ல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தானியம் போடுகிற 'கபூதர்கானா'வைத் தார்பாய் போட்டு மூடியபோது பெரிய போராட்டமே நடந்தது.

புறாவைப் பிடித்துத் தொலைவில் விட்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒடிசா போலீசார் 1946-லிருந்து பல வருஷம் கடிதம் அனுப்பியதே புறா மூலம்தான். வீடு திரும்புகிற அதன் புத்தி அப்படி! விஷமும் பசையும் வேண்டவே வேண்டாம். பாவமும் கூட, பலனும் இல்லை.

பின் என்ன செய்யலாம்?

* தானியம் இறைப்பதை நிறுத்துங்கள். காயப் போட்ட பண்டத்தை மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒரு மாடியில் மட்டும் நிறுத்தினால் போதாது.

* பால்கனிக்கும் கிணற்றுக்கட்டுக்கும் இரண்டு அங்குலக் கண் உள்ள நைலான் வலையை விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்தால் பறவை சிக்கித் தவிக்கும்.

* சன்ஷேடின் மேல் பலகையையோ தகட்டையோ 45 டிகிரி சாய்த்துப் பொருத்தினால் புறாவால் உட்கார முடியாது.

* நாலு குச்சி வைத்ததுமே கூட்டைக் கலைத்து விடுங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் பொறுங்கள். பொரிக்கப் பதினெட்டு நாள், குஞ்சு பறக்க ஒரு மாதம். பறந்த அன்றே இடத்தை அடைத்து விடுங்கள். தாமதித்தால் அடுத்த இரண்டு முட்டை வந்து விடும்.

* காய்ந்த எச்சத்தை ஒரு போதும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊற விடுங்கள். என்-95 முகக் கவசமும் கையுறையும் அணிந்து சுரண்டி, பையில் கட்டிப் போடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் அதோடு ஆசிட் சேர்க்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

அத்தைக்கு இப்போது காய்ச்சல் இல்லை; இருமல் வெகுவாகக் குறைந்து விட்டது. ஆனாலும் முன்போல் கிரிவலம் நடக்க முடிவதில்லை. தழும்பு விழுந்த இடம் விழுந்ததுதான் என்று டாக்டர் சொல்லி விட்டார்.

ஆகையால் சகோதரிகளே, வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் சளிப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்து, இருமலும் போகாவிட்டால், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "எங்கள் வீட்டில் புறா இருக்கிறது" என்று நீங்களே சொல்லி விடுங்கள்.