உச்ச வேளை மின் நிலையமும் அதன் புகையும்

மாலையில் வீடுகள்தோறும் விளக்கும் விசிறியும் ஒருங்கே இயங்கத் தொடங்கும் வேளையில், கமுதியில் 2016-இல் அமைக்கப்பெற்ற 648 மெகாவாட் நிலையம் போன்ற சூரிய மின் நிலையங்கள் ஓய்ந்துவிடுகின்றன. அந்நேரத்தில் கிணற்று மோட்டார்களுக்குரிய மின்சாரம் குறையாதிருக்க வேண்டுமாயின், நினைத்தவுடன் கிளப்பி, தேவை தீர்ந்ததும் நிறுத்தத்தக்க நிலையங்கள் அவசியமாகும். சென்னை பேசின் பிரிட்ஜில் 1996-இல் நிறுவப்பெற்ற 30 மெகாவாட் டர்பைன்கள் நான்கும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஆனையூர்ப் பகுதிக் குடியானவர்களுக்கு அணித்தான உதாரணம் சமயநல்லூர். 2001-இல் அங்கு ஏற்பட்ட 106 மெகாவாட் நிலையம் கனத்த எண்ணெயை எரிக்கும் எஞ்சின்களால் ஆனது. அவ்வெண்ணெயில் கந்தகமும் சாம்பலும் சிறிதேனும் உண்டு. இயற்கை வாயுவில் இவை அநேகமாக இல்லை. ஆதலால் இலைமேல் கரி படியும் என்னும் அச்சம் வாயு நிலையத்தைப் பொறுத்தவரை ஆதாரமற்றது.

எனினும் வாயுவிலும் தீங்கு உண்டு. இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் வாயு டர்பைன் 60 மெகாவாட் தர, அதன் வெப்பக் கழிவிலிருந்து எழும் நீராவி மேலும் 35 மெகாவாட் தருகிறது. சிறிது நேரமே ஓடும் உச்ச வேளை நிலையத்தில் கொதிகலன் சூடேற அவகாசமில்லை. அவ்வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகிறது. ஒரு யூனிட்டுக்கு எரியும் வாயுவும், வெளிப்படும் கரியமில வாயுவும் அந்த அளவுக்கு அதிகம். எஞ்சின்களிலோ எரியாத மீத்தேனும் சிறிது தப்பிச் செல்லும்.

பயிருக்கு நேரே கேடு செய்வது வேறு. கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகிறது. இவை வெயிலில் பிற ஆவிகளுடன் கலந்து ஓசோனை உண்டாக்கும். ஓசோன் இலைத்துளைகளின் வழியே புகுந்து பச்சையத்தைக் கெடுத்து, நெல், கோதுமை முதலியவற்றின் மகசூலைக் குறைக்கும். இதில் மோட்டார் வண்டிகளுக்கும், ஏன், நாம் வயலில் கொளுத்தும் வைக்கோலுக்கும் பங்குண்டு. சிறு நிலையம் ஒன்றையே குற்றவாளியாக்குதல் நியாயமன்று.

ஆனால் கிராம அதிகாரிகள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். யந்திரம் கிளம்பும் சில நிமிஷங்களில், சுத்திகரிக்கும் சாதனம் சூடேறாதிருப்பதால், புகை மிகுதியாக அசுத்தமாயிருக்கும். நாள்தோறும் கிளப்பி நிறுத்தும் நிலையத்துக்கு இந்நிமிஷங்களே முக்கியம். முழு வேகத்தில் ஓடுகையில் எடுத்த அளவை மட்டும் காட்டினால் போதாது. 1981-ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டப்படி இசைவு வழங்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், கிளம்பும் வேளைக் கணக்கையும், வருஷத்தில் எத்தனை முறை கிளப்பப்படும் என்பதையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம்.