தாயின் மூச்சும் சேயின் மூச்சும்

கருவிலிருக்கும் குழந்தை தானாக மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தாயின் குருதியிலிருந்து சூல்வித்தகம் பெற்று, தொப்புள் நாண் வழியே அனுப்புகிறது. ஆகவே தாய் சுவாசிக்கும் காற்றின் நன்மையும் தீமையும் சேயையும் சேர்கின்றன.

தாயின் குருதியும் சேயின் குருதியும் கலக்காமல் காக்கும் தடையும் சூல்வித்தகமே என்று உயர்தர உயிரியல் வகுப்பில் படித்தோம். அந்தத் தடையையும் புகைக்கரி கடக்கிறது என்று பின்னர் வாசித்தபோது திகைத்தேன். 2019 இல் பெல்ஜியத்தின் ஹசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைபிடிக்காத தாய்மாரின் சூல்வித்தகத்தில், சேயின் பக்கத்திலேயே கரித்துணிக்கைகளைக் கண்டார்கள். 2022 இல் அவர்களும் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தினரும், பிறவாத சிசுக்களின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் அவற்றைக் கண்டறிந்தார்கள்.

புகையில் கரி மட்டுமா இருக்கிறது? விறகு அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு வாயு உண்டாகிறது. அது ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேரும். அதனால் சேய்க்குப் போகும் ஒட்சிசன் குறைகிறது. மாசடைந்த காற்றைச் சுவாசிக்கும் தாய்மாரிடையே 37 வாரங்களுக்கு முந்திய பிறப்பும், 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு எடையும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்று, ஒரு கனமீற்றர் காற்றில் நுண்துணிக்கை 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை ஏறத்தாழ 4 கிராம் குறைவாக இருந்ததைக் காட்டியது. 4 கிராம் சிறிதுதான். ஆனால் மூடிய அடுப்படியில் விறகு எரியும்போது நுண்துணிக்கை நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமுக்கு ஏறிவிடுகிறது.

2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்றால் யாழ்ப்பாணத்திலும் காற்றின் தரம் கெட்டது. டிசம்பர் 9 இல் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்தக் காற்று சில நாள்களில் விலகிவிட்டது. அடுப்படிப் புகையோ நாள்தோறும் எழுகிறது. அதனுடன் பனமட்டையும் பொச்சும் எரிகின்றன. வளவு மூலையில் குப்பையோடு பிளாஸ்ரிக்கும் எரிகிறது. பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரியும் சாம்பிராணியும் புகைகின்றன. கண் எரிந்தால்தான் புகை என்று எண்ணுகிறோம். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கேயான துணிக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை.

என்ன செய்யலாம்? நன்றாகக் காய்ந்த விறகையே எரிக்கலாம். புகைபோக்கி வைக்கலாம், முடியாவிட்டால் அடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றலாம். பிளாஸ்ரிக்கை எரிக்கவே கூடாது. வீட்டில் சிகரெட் புகைப்பவர் அதைக் கைவிட வேண்டும்.

இவற்றில் எதையும் கர்ப்பிணி தனியாகச் செய்ய முடியாது. அவளை அடுப்பிலிருந்து விலகியிரு என்று சொல்வது எளிது. அந்த அகப்பையை வாங்க இன்னொரு கை வேண்டும். பெற்றோரே, அந்தக் கை கணவனுடையதாகவோ மாமியுடையதாகவோ இருக்கலாம். தோழியரே, நமது ராத்தாவுக்காக அது நம்முடைய கையாகவும் இருக்கட்டும்.