உயரமானவர்களுக்கான கோடைக்காலக் கூடாரம்: அச்சிட்ட நீளம் மட்டும் போதுமா?

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் உள்ள தலகோனா, நாகலாபுரம் போன்ற மலைப்பகுதிகள் மலையேற்ற ஆர்வலர்களிடையே பெயர் பெற்றவை. அங்குச் செல்பவர்கள் முதுகில் சுமந்து செல்வதற்கு எடை குறைந்த கூடாரங்களையே விரும்புகின்றனர். ஆனால், ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர்கள் எடையை மட்டும் பார்த்து வாங்கினால், இரவு முழுவதும் கால்களை மடக்கிக்கொண்டு படுக்க நேரிடும். கூடாரத்தின் உறையில் அச்சிடப்பட்டுள்ள நீளம் தரைவிரிப்பின் நீளமே தவிர, படுப்பதற்குக் கிடைக்கும் நீளம் அன்று என்பதே இதற்குக் காரணம்.

அளவு குறைவது எப்படி?

பெரும்பாலான கூடாரங்களின் சுவர்கள் தரையிலிருந்து உட்புறமாகச் சாய்ந்தே எழுகின்றன. படுத்திருப்பவரின் பாதமும் முகமும் தரையை ஒட்டி இருப்பதில்லை. காற்றடைத்த மெத்தையின் தடிமனையும் சேர்த்தால், அவை தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் எஞ்சும் நீளமே உண்மையில் பயன்படும் நீளமாகும்.

எடுத்துக்காட்டாக, தரை நீளம் 220 செ.மீ. உள்ள ஒரு கூடாரத்தின் இரு முனைச் சுவர்களும் 60 பாகைக் கோணத்தில் சாய்ந்திருந்தால், 30 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு முனையிலும் சுமார் 17 செ.மீ. குறைந்து, 185 செ.மீ. மட்டுமே மிஞ்சும். சுவர்கள் 75 பாகை அளவுக்குச் செங்குத்தாக இருந்தால் அதே கூடாரத்தில் 204 செ.மீ. கிடைக்கும். 45 பாகையாக இருந்தால் 160 செ.மீ. மட்டுமே கிடைக்கும்.

ஆறடி மூன்று அங்குல உயரமுள்ள ஒருவரின் உயரம் சுமார் 190 செ.மீ. ஆகும். படுக்கும்போது பாதம் நீள்வதையும் தலையணையையும் கணக்கிட்டால் அவருக்கு 200 முதல் 205 செ.மீ. வரை தேவைப்படும். எனவே ஒரே தரை நீளம் கொண்ட இரு கூடாரங்களில் ஒன்று அவருக்குப் பொருந்தலாம். மற்றொன்று பொருந்தாமல் போகலாம்.

உட்காரும்போதும் இதே சிக்கல் எழுகிறது. இந்த உயரமுள்ளவர் நிமிர்ந்து அமர்ந்தால் தலை சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். மெத்தையையும் சேர்த்தால், கூடாரத்தின் உச்சி 110 செ.மீ. அளவிலாவது இருப்பது நல்லது.

கோடையில் கவனிக்க வேண்டியவை

திருப்பதி பகுதியில் மே மாதப் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஆகவே உட்கூடாரத்தின் பெரும்பகுதி கொசுவலையால் ஆனதாகவும், வெளிக்கூரைத் துணி தனியே கழற்றி மாட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தெளிந்த வானமுள்ள இரவுகளில் கூரையைக் கழற்றிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். கோடை இடிமழை திடீரென வரக்கூடும் என்பதால், எடையைக் குறைப்பதற்காகக் கூரைத் துணியை வீட்டிலேயே விட்டுச் செல்வது சரியன்று.

உயரமானவர்களுக்கு வலையாலும் ஒரு தொல்லை உண்டு. பாதமோ முழங்கையோ வலையை ஒட்டியிருந்தால், கொசுக்கள் வெளியிலிருந்தபடியே கடிக்கும். ஓடையோரம் போன்ற ஈரமான இடங்களில், துணிச் சுவரின் உட்புறம் படியும் நீர்த்துளிகள் படுக்கையை நனைத்துவிடும். எனவே நீளம் போதாமை வெறும் வசதிக் குறைவு அன்று, உறக்கத்தையே கெடுப்பதாகும்.

பாறை நிலத்துக்கு ஏற்ற அமைப்பு

ஒருவருக்கான இரட்டைச் சுவர்க் கூடாரங்கள் பொதுவாக 1 முதல் 1.5 கிலோ எடையில் கிடைக்கின்றன. மலையேற்றக் கைத்தடிகளையே தூணாகக் கொண்டு நிறுத்தப்படும் கூடாரங்கள் 1 கிலோவுக்கும் குறைவாக இருக்கும். ஆனால் அவை நிற்பதற்குத் தரையில் முளைகளை உறுதியாக அடித்தாக வேண்டும். திருமலையின் சிலாதோரணம் போன்ற இயற்கைப் பாறை வடிவங்களைக் கொண்ட சேஷாசலம் மலைகளில் கடினமான குவார்ட்சைட் பாறை பரவலாக உள்ளது. முளை இறங்காத அத்தகைய இடங்களில், அலுமினியக் கம்பிகளின் வலுவில் தானாகவே நிற்கும் கூடாரமே கைகொடுக்கும்.

தனியாகச் செல்பவருக்கு மற்றொரு வழியும் உண்டு. இருவருக்கான கூடாரத்தில் மூலைக்கு மூலை படுக்கலாம். 210 செ.மீ. நீளமும் 130 செ.மீ. அகலமும் உள்ள தரையின் மூலைவிட்டம் சுமார் 247 செ.மீ. ஆகும். எடை சில நூறு கிராம் கூடினாலும், நீட்டிப் படுக்க இடம் கிடைக்கும். முதுகுப்பையை வெளிக்கூரையின் கீழுள்ள முன்பகுதியில் வைத்தால் உள்ளே மேலும் இடம் மிஞ்சும்.

கடையில் செய்யக்கூடிய சோதனை

வாங்குவதற்கு முன் கூடாரத்தை விரித்துக் காட்டுமாறு கேட்பது நல்லது. வழக்கமாகப் பயன்படுத்தும் மெத்தையையும் தலையணையையும் உள்ளே வைத்து, மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்துப் பார்க்க வேண்டும். தலைக்கும் பாதத்துக்கும் அப்பால் ஒரு கையகல இடைவெளி இருந்தால் அளவு போதுமானது. இணையத்தில் வாங்குபவர்கள், முனைச் சுவர்களின் சாய்வைப் பக்கவாட்டுப் படத்தில் பார்த்து, மேற்கண்டவாறு கணக்கிடலாம்.

அனுமதியும் பாதுகாப்பும்

தலகோனா, ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ளது. சித்தூர் மாவட்டத்தின் கவுண்டின்யா சரணாலயத்தில் யானைகள் நடமாடுகின்றன. செம்மரக் கடத்தலைத் தடுக்க இப்பகுதிக் காடுகளில் கண்காணிப்பும் கடுமையாக உள்ளது. எனவே வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் தங்கக் கூடாது.

அண்டை மாநிலமான தமிழ்நாட்டில், தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் மாதம் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல்லும் சருகும் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், வனத்துறை வழிகளை மூடும் நாள்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பானது. நைலான், பாலியஸ்டர் துணிகளும் எளிதில் எரிந்து உருகக்கூடியவை. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டினால் தீ அபாயத்துடன், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு சேரும் அபாயமும் உண்டு.