அணிலும் மரமும்

தமிழர் வாழ்வோடு நெடுங்காலமாக இணைந்த சிற்றுயிர் அணில். சங்கப் புலவர் ஒருவரின் இயற்பெயர் இன்று அறியப்படவில்லை. மக்கள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடும் காட்சியைக் குறுந்தொகையில் பாடியமையால், அவர் ‘அணிலாடு முன்றிலார்’ என்றே வழங்கப்படுகிறார். சேது கட்டும் பணியில் உதவிய அணிலை இராமன் தடவிக்கொடுத்தான் என்றும், அதனால் அதன் முதுகில் மூன்று கோடுகள் தோன்றின என்றும் கூறும் கதையைக் குழந்தைகளும் அறிவர். இவ்வாறு அன்பு காட்டப்படும் அணிலுக்கு உண்மையில் தேவையானது எது? இதற்கான விடையைக் காட்டிலும் வீட்டுத் தோட்டத்திலும் காணலாம்.

மூவகை அணில்கள்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்குப் பகுதிகள் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்தவை. ஆனைமலைத் தொடர் இருபுறமும் பரந்து கிடக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் தமிழர் ‘அணில்’ என்பதை மலையாளிகள் ‘அண்ணான்’ என்பர். இங்குக் குறிப்பிடத்தக்க மூவகை அணில்கள் வாழ்கின்றன.

முதலாவது, முதுகில் மூன்று வெண்கோடுகளை உடைய சிறிய அணில். இது தென்னந்தோப்பிலும் வீட்டுக் கூரையிலும் அச்சமின்றித் திரியும்.

இரண்டாவது, மலபார் மலையணில். செம்பழுப்பு, கருமை, வெளிர்மஞ்சள் ஆகிய நிறங்கள் கலந்த இதன் உடல், வாலுடன் சேர்த்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஒரே தாவலில் 6 மீட்டர் வரை கடக்க வல்லது. பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் காடுகளில் இதனைக் காணலாம். மகாராட்டிர மாநிலத்தின் மாநில விலங்கும் இதுவே.

மூன்றாவது, நரை அணில். சாம்பல் நிற அணில் என்றும் இதனை அழைப்பர். இதன் மயிர்நுனிகள் வெளுத்திருப்பதால் நரைத்தது போன்று தோன்றும். உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இது வாழ்கிறது. இதனைக் காப்பதற்கெனத் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் 1988ஆம் ஆண்டில் சரணாலயம் அமைக்கப்பட்டது. இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்திலும் நரை அணில்கள் உள்ளன.

கிளைகளே பாதை

சின்னாறு, மறையூருக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையை உயர்ந்த மலைகள் தடுத்துவிடுவதால், இங்கு முட்புதர்க் காடும் வறண்ட இலையுதிர் காடும் மிகுதி. ஆயினும், சின்னாறும் பாம்பாறும் பாயும் கரைகளில் மட்டும் நீர்மருது முதலிய பெருமரங்கள் பசுமை மாறாமல் நிற்கின்றன. நரை அணில்களுக்கு உணவும் உறைவிடமும் தருபவை பெரும்பாலும் இந்த ஆற்றோர மரங்களே.

மலையணில்கள் தரைக்கு இறங்குவது அரிது. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவியே அவை செல்லும். பழம், விதை, பூ, மரப்பட்டை ஆகியவற்றை உண்ணும். உயர்ந்த மரங்களின் கிளைகளில் சுள்ளிகளாலும் இலைகளாலும் கூடு கட்டும். ஓர் அணிலே பல கூடுகளைக் கட்டி வைப்பதும் உண்டு.

எனவே, கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்பதே அவற்றின் பாதை. பெருமரம் ஒன்று வெட்டப்பட்டால், மனிதருக்கு அது ஒரு மரத்தின் இழப்பு. அணிலுக்கோ பாதையே அறுந்துபோகும் இழப்பு. இடைவெளியைக் கடக்கத் தரையில் இறங்கும் அணில் நாய்க்கோ விரைந்து வரும் ஊர்திக்கோ இரையாகலாம்.

சாலைகளால் பிரிந்த மரங்களை மீண்டும் இணைக்கவும் வழியுண்டு. ஆனைமலைப் பகுதியிலுள்ள வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில், சோலைமந்திகள் சாலையைக் கடப்பதற்காக மரங்களுக்கு இடையே உயரத்தில் பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. எனினும், இயற்கையாகப் பின்னிய கிளைகளுக்கு அவை முழு ஈடாகா. இருக்கும் மரங்களைக் காப்பதே முதற்கடமை.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு

காட்டு அணிலுக்கு மரம் தேவை. அவ்வாறாயின், வீட்டருகே வாழும் சிறிய அணிலை வளர்ப்புயிராகக் கொள்ளலாமா? அணிலைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது அதற்கு நன்மை தராது. அணில் கொறித்துண்ணும் விலங்கு. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமான கொட்டைகளையும் மரப்பட்டையையும் கடிக்க வாய்ப்பில்லாவிடில், பற்கள் அளவுக்கு மீறி வளர்ந்து உண்ண இயலாத நிலை ஏற்படும். ஓடித் தாவ இடமின்மையும் அதனைத் துன்புறுத்தும். மேலும், மலையணில்களைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

காற்றிலும் மழையிலும் கூடு கலைந்து அணில் குஞ்சு கீழே விழுவதுண்டு. அதனைக் காண்போர் இரக்கத்தால் உடனே பஞ்சில் பசும்பாலை நனைத்து ஊட்டுவர். நோக்கம் நல்லதாயினும், பசும்பால் குஞ்சுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். வாயில் விடும் பால் மூச்சுக்குழலில் புகுந்தால் உயிருக்கே கேடாகும். உடல் குளிர்ந்த குஞ்சுக்கு முதலில் வேண்டுவது வெதுவெதுப்பே.

குஞ்சுக்குக் காயமில்லை எனில், மென்துணி விரித்த சிறு கூடையில் அதனை இட வேண்டும். வெயிலும் எறும்பும் பூனையும் அணுகாதவாறு, கூடு இருந்த மரத்திலேயே அக்கூடையைக் கட்டிவைக்க வேண்டும். பின்னர், தொலைவில் நின்று அமைதியாகக் கவனிக்க வேண்டும். தாயணில் பகலில் நடமாடுவது. குஞ்சின் குரல் கேட்டு வந்து, அதனை வாயில் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டு செல்லும். மாலை வரை தாய் வரவில்லை என்றாலும், குஞ்சு காயமுற்றிருந்தாலும் கால்நடை மருத்துவரையோ வனத்துறையினரையோ நாடுவது நன்று.

காப்பதே அன்பு

அணிலைக் கையில் ஏந்துவதை மட்டும் அன்பு என்று கருதுவோர் பலர். அது தாவுவதற்குக் கிளையையும், கூடு கட்டுவதற்கு மரத்தையும் விட்டுவைப்பதே சிறந்த அன்பாகும். கூடுள்ள மரத்தின் கிளைகளை வெட்டாதிருத்தல், தோட்டத்தில் கொய்யா, மா போன்ற மரங்களை நடுதல், வெயில் காலத்தில் நிழலில் ஆழமற்ற கலத்தில் நீர் வைத்தல், காட்டுவழிச் சாலைகளில் ஊர்தியை மெதுவாக ஓட்டுதல் ஆகியவை எல்லோராலும் இயலும் செயல்கள். மரங்கள் நிலைத்தால், அணில் தன் வாழ்வைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சிந்தித்து விடை எழுதுக

1. சின்னாற்றில் நரை அணில்கள் ஆற்றோர மரங்களைச் சார்ந்து வாழக் காரணம் யாது?
2. ‘ஒரு மரத்தை வெட்டினால் அணிலின் பாதை அறுந்துபோகும்’ – விளக்குக.
3. கூட்டிலிருந்து விழுந்த அணில் குஞ்சைக் கண்டால் செய்ய வேண்டியவற்றையும் செய்யக்கூடாதவற்றையும் வரிசைப்படுத்துக.