உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கே ஆம்புலன்ஸ் வாங்கித் தந்த பார்க்!

அடிபட்டவர்களை அள்ளிப்போக ஊரிலிருந்த ஆம்புலன்ஸ்கள் போதவில்லை என்று, கூடுதல் வண்டிகளைத் தானே வாங்கிக் கொடுத்தது ஒரு பொழுதுபோக்குப் பூங்கா! அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து வெர்னான் நகரில் 1978 முதல் 1996 வரை நடந்த ‘ஆக்‌ஷன் பார்க்’தான் அது.

• உலகப் புகழ் பெற்றது ‘கேனன்பால் லூப்’. மூடிய குழாய்க்குள் சரசரவென்று சறுக்கி, கடைசியில் தலைகீழாக ஒரு முழு வட்டம் அடித்து வெளியே வந்து விழ வேண்டும். வேகம் போதாதவர்கள் வட்டத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்பதற்கென்றே குழாயில் ஒரு கதவு வைத்தார்கள் (வடிவமைப்பை மாற்றத் தோன்றவில்லை!). சோதித்துப் பார்க்க முன்வந்த ஊழியர்களுக்குக் கையில் 100 டாலர். 1985-ல் ஒரு மாதம் ஓடியது, அதோடு சரி.

• மலைச்சரிவில் இறங்கும் சறுக்கு வண்டிக்கு இருந்தது ஒரே கைப்பிடி. வேகத்துக்கும் அதுதான், பிரேக்குக்கும் அதுதான். தவறி விழுந்தால் தோல் உரிந்துவிடும்.

• அலைக்குளத்துக்கு மக்கள் வைத்த பெயர், ‘சவக்குழிக் குளம்’.

குறைந்தது 6 பேர் இங்கே உயிரிழந்தார்கள். ஆனாலும், அன்றைய சிறுவர்கள் பலர் தழும்பைக் காட்டிப் பெருமையடிக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் அந்தப் பெருமை செல்லாது.

2014-ல் அதே இடத்தில் இயங்கிய பூங்காவுக்குப் பழைய பெயரைத் தூசிதட்டி மாட்டினார்கள். 2016-ல் கழற்றிவிட்டார்கள். 2020-ல் ‘கிளாஸ் ஆக்‌ஷன் பார்க்’ என்ற ஆவணப்படம் வந்தது.