32 பிட்டுக்குள் அடங்காத புதுக்கோட்டை

புதுக்கோட்டை மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 4,663 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் சதுர மீட்டர். ஆகவே சதுர மீட்டரில் 466 கோடியே 30 லட்சம். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் ஜாவா மொழியில் இரண்டு எண்களையும் ‘இன்ட்’ வகையில் வைத்துப் பெருக்கினால் 36,80,32,704 என்று விடை வரும். மாவட்டம் 368 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடும்.

இன்ட் என்பது 32 பிட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. விடை அதைத் தாண்டினால் மேலே உள்ள பிட்டுகள் உதிர்ந்துவிடும். மிச்சம் மட்டுமே தங்கும். இதுதான் ஓவர்ஃப்ளோ. மிச்சம் மைனஸில் வந்தால் தவறு உடனே கண்ணில் படும். 368 போல நம்பும்படி வந்தால்தான் வம்பு. சி பிளஸ் பிளஸில் இன்னும் மோசம்: குறியுள்ள எண் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மொழியின் விதியே உறுதி தருவதில்லை.

புரோகிராமிங் போட்டியில் இதனால் மதிப்பெண் போகும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டே போனது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது அடங்கவில்லை. கிளம்பிய சுமார் 40 வினாடியில் ராக்கெட் வெடித்துச் சிதறியது.

போட்டிக் கேள்வியில் உள்ளீட்டின் உச்சவரம்பு கொடுக்கப்பட்டிருக்கும். பலர் அதை மட்டும் பார்த்து வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வழியில் எழும் மிகப் பெரிய எண்ணை. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 16 லட்சத்துக்குச் சற்று மேல். இன்ட்டில் தாராளமாக அடங்கும். ஆனால் அந்த மக்களில் இருவரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால் விடை ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். அதற்கு 64 பிட் வகை வேண்டும்: ஜாவாவில் ‘லாங்’, சி பிளஸ் பிளஸில் ‘லாங் லாங்’.

விடையை வைக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கினால் போதாது. பெருக்கப்படும் இரண்டும் இன்ட் என்றால் பெருக்கலும் 32 பிட்டிலேயே நடக்கும். கெட்டுப்போன விடைதான் பெரிய இடத்துக்குப் போய்ச் சேரும். பெருக்கும் முன்பே ஒன்றையாவது 64 பிட்டுக்கு மாற்ற வேண்டும்.

100,00,00,007 ஆல் வகுத்த மீதியைக் கேட்கும் கேள்விகளில் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த இரு மீதிகளின் பெருக்கற்பலன் 64 பிட்டில் அடங்கும். மூன்றைச் சேர்த்துப் பெருக்கினால் அடங்காது. பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை. எண் நீள நீள வேகம் மட்டும் குறையும்.